மீனூல் வல்ல வைத்தியர் புளோக்

திருவண்ணாமலையைச் சூழ்ந்துள்ள சிற்றூர்களில் வரால் என்னும் மீனை அறியாதார் இலர். கோடையில் ஏரி வற்றிச் சேறாகிய பின்னும் அச்சேற்றினுள் ஒடுங்கி உயிர் தாங்கியிருந்து, மழை பெய்ததும் வெளிப்படும் இயல்புடையது அது. மருத நிலத்தைப் பாடிய பண்டைப் புலவர்கள் வராலையும் வாளையையும் கெண்டையையும் மறந்தாரல்லர். ஆயினும், உலகத்து மீனூலார் அனைவரும் வராலைக் குறிக்க வழங்கும் சன்னா ஸ்ட்ரையாட்டா என்னும் இலத்தீன் பெயரை அடுத்து, 1793 என்னும் ஆண்டோடு புளோக் என்னும் ஒருவர் பெயர் எழுதப்படுவதை நம்மிற் பலர் அறியார். குரவைக்கும், முள்ளாற் கொட்டும் தேளிக்கும், பனையேறிக் கெண்டைக்கும் இலத்தீனில் முதற்கண் பெயரிட்டு விளக்கம் எழுதியவரும் அவரே.

இவ்வாறு நம் நீர்நிலைகளில் வாழும் மீன்களுக்குப் பெயரிட்டவர் தமிழ்நாட்டை ஒருநாளும் கண்டவரல்லர். ஜெர்மனி தேசத்துப் பெர்லின் நகரில் நோயாளிகளைப் பார்த்து வாழ்ந்த ஒரு யூத வைத்தியர் அவர். மீன்களையேயன்றி, மீன் முதலிய பிராணிகளின் உடலில் ஒட்டி வாழும் புழுக்களையும் ஆராய்ந்தவர். அப்புழுக்கள் எங்கிருந்து வருகின்றன என்னும் வினாவிற்கு விடை எழுதிப் பெரும் பரிசு பெற்றவர். அவர் எழுதிய விடை பிழையென்று பின்னர்த் தெளிவாயிற்று. அப்பிழை திருந்தியதனாலேயே இன்று நீர்நிலைகளில் மீன்நோய் பரவாமற் காக்கும் வழிகள் நமக்குப் புலனாகியிருக்கின்றன. ஆதலின் அவர்தம் சரித்திரத்தை நம் கல்லூரி அன்பர்களுக்கு எடுத்துரைக்க விரும்பினோம்.

பிறப்பும் இளமையும்

மார்க்கஸ் எலியேசர் புளோக் 1723-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் தென்பகுதியிலுள்ள ஆன்ஸ்பாக் என்னும் ஊரில் பிறந்தார். பெற்றோர் மிக வறியவர். யூதர்கள் விரும்பிய ஊரிற் குடியேறவும் விரும்பிய தொழிலைச் செய்யவும் உரிமையின்றி ஐரோப்பாவில் ஒடுக்கப்பட்டிருந்த காலம் அது. சிறுவர் புளோக் தம் முன்னோர் சமய நூல்களை எபிரேய மொழியிற் கற்றார். அவற்றையன்றி வேறு கல்வி பெறும் வாய்ப்பு அவருக்கு இல்லை. பத்தொன்பதாம் வயது எய்தும் வரையில் ஜெர்மன் மொழியையேனும் இலத்தீன் மொழியையேனும் அவர் படிக்க அறியார். பத்தொன்பது வயதில் நம்மவர் கல்லூரி மாணவராய் வீற்றிருக்கின்றனர். அவரோ அவ்வயதிலேதான் தாம் பிறந்த நாட்டு மொழியின் எழுத்துக்களைக் கற்கத் தொடங்கினார்.

பின்னர் ஹாம்பர்க் நகரம் சென்று, அங்கே யூத ரண வைத்தியர் ஒருவர் இல்லத்தில் ஆசிரியராக அமர்ந்தார். அவ்வீட்டுப் பிள்ளைகளுக்கு எபிரேயம் கற்பித்துக்கொண்டே ஜெர்மன் மொழியையும், ஓரளவு இலத்தீனையும், உடற்கூற்று நூலின் முதற்பாடங்களையும் தாம் கற்றுக்கொண்டார். பின்பு பெர்லினிலிருந்த உறவினர் துணையால் அந்நகரம் அடைந்து வைத்திய நூலும் இயற்கை நூலும் பயின்றார். ஓடர் நதிக்கரையிலுள்ள பிராங்க்பர்ட் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் வைத்தியப் பட்டமும் பெற்றார். அப்பொழுது அவருக்கு வயது நாற்பதை அணுகியிருந்தது. அதன்பின் பெர்லினிலேயே வைத்தியராக அமர்ந்து நற்பெயர் ஈட்டினார். தத்துவ அறிஞராகிய மோசஸ் மெண்டல்சன் அவரிடம் வைத்தியம் செய்துகொண்டவர்களுள் ஒருவர், அவருக்கு நண்பருமாயினார்.

வைத்தியத் தொழிலால் வந்த பொருளைப் புளோக் வீணாக்கவில்லை. நூல்களும், உலர்ந்த மீன்களும், சாராயத்தில் இட்டுக் காத்த உயிர்களும் அவர் வீட்டை நிறைத்தன. 1773-ஆம் ஆண்டில் பெர்லினில் தோன்றிய இயற்கை ஆராய்ச்சி நண்பர் கழகத்தில் அவர் சிறந்ததோர் உறுப்பினராக விளங்கினார்.

புழுக்களைப் பற்றிய வினா

அக்காலத்து அறிஞர்களை மயக்கிய வினாக்களுள் ஒன்று, மனிதர் விலங்கு பறவை மீன் இவற்றின் குடலிலும் வயிற்றறையிலும் காணப்படும் புழுக்கள் எவ்வாறு தோன்றுகின்றன என்பது. அவை உடலினுள் உணவு அழுகுவதால் தாமே தோன்றுவன என்றனர் சிலர். நீரிலும் மண்ணிலும் உள்ள புழுக்கள் வாய்வழியே புகுந்து தங்குவன என்றனர் வேறு சிலர். டென்மார்க்கு தேசத்துத் தலைநகராகிய கோபன்ஹேகனிலிருந்த அரச விஞ்ஞானக் கழகத்தார் இவ்வினாவையே எடுத்துக்கொண்டு, இப்புழுக்கள் பிராணிகளுக்குப் பிறவியிலேயே அமைந்தனவா, வெளியினின்று வந்து சேர்வனவா என்று ஆராய்ந்து எழுதுவோருக்குப் பரிசளிப்பதாக அறிவித்தனர்.

புளோக் இப்பணியில் முனைந்தார். எத்துணையோ மீன்களையும் பறவைகளையும் விலங்குகளையும் அறுத்துச் சோதித்து, அவற்றுட் கண்ட புழுக்களை வரைந்து வகைப்படுத்தினார். குடற்புழுக்களின் தோற்றமும் அவற்றை அகற்றும் வழியும் பற்றிய அவருடைய கட்டுரை பரிசு பெற்று 1782-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. பின்னர்ப் பிரெஞ்சு மொழியிலும் பெயர்க்கப்பட்டது.

அதில் அவர் நாட்டிய முடிவு, புழுக்கள் பிறவியிலேயே உடன் வருவன என்பது. அதற்கு அவர் காட்டிய காரணங்கள் எளிதில் தள்ளத்தக்கன அல்ல. உடலினுள் வாழும் அப்புழுக்களைக் குளத்திலோ மண்ணிலோ தேடிக் கண்டவர் எவரும் இலர். உடலைவிட்டு வெளியே எடுத்தால் அவை விரைவில் மடிகின்றன. ஒவ்வொரு வகைப் பிராணிக்கும் அதற்குரிய புழுவே காணப்படுகின்றது. பிறந்தவுடன் இறந்த குட்டிகளிலும் புழு உண்டென்று எழுதிவைத்தோர் இருந்தனர். இவற்றையெல்லாம் ஒருங்கு வைத்து நோக்கிய அவர், தாய் தந்தையரிடமிருந்து சேய்க்கு உடலமைப்பு வருமாறு போலப் புழுவின் வித்தும் வருகின்றது என்று துணிந்தார்.

இங்கு ஒன்றை விளங்கக் கூறல் வேண்டும். மீன்களின் வயிற்றறையில், வார்போல் நீண்டு தட்டையாய் வெண்ணிறமாய்க் கிடக்கும் ஒரு புழுவைப் புளோக் கண்டார். அதற்கு லிகுலா என்னும் இனப்பெயரையும் இட்டார். அப்பெயர் இன்றளவும் வழங்குகின்றது. அதனை ஒத்த புழுவை நீர்ப்பறவைகளின் குடலிலும் அவர் கண்டார். மீனில் உள்ளதனை மீன்லிகுலா எனவும், பறவையில் உள்ளதனைப் பறவைலிகுலா எனவும் வேறு வேறாக வகுத்தார். இரண்டும் ஒரே புழுவின் இரண்டு பருவங்கள் என்பது அவருக்குத் தோன்றவில்லை. மீனையும் அதனைத் தின்னும் பறவையையும் அறுத்து இரண்டினுள்ளும் புழுவைக் கண்ட அவர், அவ்விரண்டற்கும் இடையே உள்ள வழியைமட்டும் காணாதொழிந்தார்.

மீனூல் எழுதிய வரலாறு

புளோக் மீன்களைப்பற்றி எழுதத் தொடங்கியபொழுது அவருக்கு வயது ஐம்பத்தாறு. ஜெர்மன் ஏரிகளில் வாழும் மரேனா என்னும் நன்னீர் மீனுக்கு 1779-ஆம் ஆண்டில் அவர் விளக்கம் எழுதினார். முன்னோர் நூல்களில் மீன்களைப் பற்றிய செய்தி எவ்வளவு குறைவு என்பதை உணர்ந்த அவர், தம் நாட்டு மீன்கள் எல்லாவற்றையும் ஒரு நூலில் அடக்க எண்ணினார். பிரஷ்யா மன்னராகிய மகா பிரெடரிக்கிடம் இதன்பொருட்டு அரசாங்க அதிகாரிகளின் உதவியை வேண்டினார் என்றும், நாட்டிலுள்ள மீன்கள் எவையென்று எல்லாரும் அறிவர், அவற்றைப் பற்றி நூல் எழுதுவது வீண் என்ற கருத்தில் மன்னர் மறுத்துவிட்டார் என்றும் ஒரு செய்தி உண்டு. மன்னர் மறுத்தமையால் வைத்தியர் மனந்தளரவில்லை.

1782 முதல் 1795 வரையில் பன்னிரண்டு பகுதிகளாக அவருடைய மீனூல் வெளிவந்தது. முதற்பகுதிகள் ஜெர்மன் நாட்டு மீன்களைப் பற்றியன. பிற்பகுதிகள் அயல்நாட்டு மீன்களைப் பற்றியன. அந்நூலில் அடங்கிய வண்ணப்படங்கள் 432. படம் ஒவ்வொன்றும் செப்புத் தகட்டிற் செதுக்கப்பட்டு, அச்சிட்ட பின்னர்க் கையால் வண்ணம் தீட்டப்பட்டது. சில படங்களில் செதிளின் மினுக்கம் தோன்ற வெள்ளிப்பூச்சும் இடப்பட்டது. இச்செலவைத் தொடக்கத்தில் அவரே தாங்கினார். தாங்கவியலாத நிலை வந்தபொழுது பிரபுக்களும் அறிஞர்களும் படத்திற்கு ஒருவராகப் பொருளுதவினர். அவர்கள் பெயர் அவ்வப்படத்தின் அடியிற் பொறிக்கப்பட்டது.

தரங்கம்பாடியும் பெர்லினும்

அயல்நாட்டு மீன்கள் அவருக்கு எவ்வாறு கிடைத்தன? இவ்விடத்திலேதான் நம் தமிழ்நாடு அவர் சரித்திரத்தினுள் வருகின்றது. தஞ்சை நாட்டுக் கடற்கரையிலுள்ள தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை டேனியர் வசத்திலிருந்தது. 1706-இல் சீகன்பால்கு ஐயர் அங்கு வந்து இறங்கிய வரலாற்றை மிஷன் கல்லூரி மாணவர் எவரும் அறிவர். அவர்வழி வந்த மிஷனரிகளுள் கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்பவர் ஒருவர். 1771-இல் தரங்கம்பாடிக்கு வந்து 1813-இல் இறக்குமளவும் நம் நாட்டிலேயே தொண்டு புரிந்தார். தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் நிறுவுவதில் பெருமுயற்சி எடுத்தவர் அவர். அவருடன் பணிபுரிந்த ராட்லர் ஐயர் செடிகொடிகளை ஆராய்ந்ததோடு தமிழகராதியும் தொகுத்தவர். நற்செய்தி கூறுவதற்கென வந்த இவர்கள், படைப்பில் உள்ளவற்றை அறிதலும் படைத்தவனைப் போற்றுதலின் ஒரு பகுதியே என்று கருதி, ஓய்வு நேரத்தை இவ்வாராய்ச்சியிற் செலவிட்டனர்.

ஜான் ஐயர் கடல்மீன்களையும் ஆற்றுமீன்களையும் குளத்துமீன்களையும் தொகுத்துப் பெர்லினுக்கு அனுப்பினார். அவற்றின் வாழ்க்கை, பிடிக்கும் முறை, சுவை, ஊரார் வழங்கும் பெயர் ஆகியவற்றையும் எழுதி அனுப்பினார். ஆதலால் புளோக்கின் ஜெர்மன் நூலில் தமிழ்ப் பெயர்கள் ஐரோப்பிய எழுத்தில் ஏறின. வாளை மீனின் இலத்தீன் பெயரில் உள்ள அட்டு என்னும் சொல், ஆற்றுவாளை என நம்மவர் வழங்கும் பெயரின் முற்பகுதியே என்பர். நன்றி மறவாத புளோக், 1793-இல் ஒரு கடல்மீன் இனத்திற்கு ஜோனியஸ் என்று ஜான் ஐயர் பெயரையே சூட்டினார். வலைவீசி அம்மீன்களைப் பிடித்துக் கொடுத்த நம் நாட்டுச் செம்படவரின் பெயர்கள் எவ்வேட்டிலும் ஏறவில்லை. ஆயினும் அவர்கள் அறிவு அந்நூலின் அடித்தளத்தில் இருக்கின்றது.

தூரத்திலிருந்து எழுதியமையால் சில பிழைகளும் நேர்ந்தன. பனையேறிக் கெண்டையின் பிறப்பிடம் ஜப்பான் என்று அவர் எழுதினார். மலையாள நாட்டார் கரிமீன் என்று போற்றும் மீனுக்குச் சூரத்து நகரின் பெயரை இட்டார். அதுவோ தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள கழிமுகங்களுக்கு உரியது. மீனைப் பெட்டியிற் பெற்றவர், அது வாழ்ந்த நீரைப் பார்க்க இயலாதவராயிருந்தார்.

இறுதிக் காலம்

எழுபத்தாறாம் வயதில், 1799-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 6-ஆம் தேதி, கார்ல்ஸ்பாட் என்னும் ஊரில் புளோக் உயிர் நீத்தார். உலக மீன்கள் எல்லாவற்றையும் தொகுத்து அவர் எழுதிவந்த நூலை ஷ்னைடர் என்னும் அறிஞர் நிறைவேற்றி 1801-இல் வெளியிட்டார். அவர் சேர்த்த மீன்களுள் ஏறக்குறைய 800 இன்றும் பெர்லின் இயற்கைப் பொருட்காட்சிச் சாலையில் காக்கப்பட்டு வருகின்றன. தரங்கம்பாடியிலிருந்து சென்ற மீன்களும் அவற்றுள் உள்ளன.

பிழை திருந்திய வரலாறு

புளோக் உயிரோடிருந்தபொழுதே அவர் கூறிய விடையை அசைக்கும் சோதனையொன்று நடந்தது. அது நடந்த இடமும், அவருக்குப் பரிசளித்த கோபன்ஹேகன் நகரமே. அங்கு விலங்கு வைத்தியப் பள்ளியை 1773-இல் நிறுவிய ஆபில்கார்டு என்பவர், முதுகில் முட்களையுடைய ஒரு சிறு நன்னீர் மீனின் வயிற்றில் நாடாப்புழுக்களைக் கண்டார். அவற்றை ஒத்தனவும் முதிர்ந்தனவுமாகிய புழுக்கள் நீர்ப்பறவைகளின் குடலில் இருந்தன. புழுவுள்ள மீன்களை வாத்துக்களுக்கு இரையாகக் கொடுத்துச் சில நாள் கழித்து அறுத்துப் பார்த்தார். மீனில் இருந்த புழு வாத்தின் குடலில் முதிர்ந்திருந்தது. மீனின் புழுவும் பறவையின் புழுவும் ஒன்றே என்பது இவ்வாறு வெளிப்பட்டது. 1790-ஆம் ஆண்டை ஒட்டி அவர் இதனை வெளியிட்டார். அறிஞருலகம் இதன் பொருளை உணர நெடுங்காலம் சென்றது.

1842-இல் மற்றொரு டேனிய அறிஞராகிய ஸ்டீன்ஸ்ட்ரப், நத்தையினுள் ஒரு வடிவமும் பிற பிராணியினுள் வேறொரு வடிவமுமாகத் தட்டைப்புழுக்கள் தலைமுறை மாறி வளர்வதை விளக்கினார். மனிதர் குடலில் வாழும் அகன்ற நாடாப்புழு மீனை உண்பதால் வருவது என்பதை 1880-களில் பிரவுன் என்பவர் சோதனையால் நிறுவினார். அம்மீனுக்கு அது எங்கிருந்து வந்தது என்பது 1917-இல் ஜானிக்கி, ரோசன் என்னும் இருவர் ஆராய்ச்சியால் விளங்கிற்று. புளோக்கின் கட்டுரை வெளியான ஆண்டிலிருந்து எண்ணினால் 135 ஆண்டுகள்!

அவர் பெயரிட்ட லிகுலாவின் வாழ்க்கையை இன்று நாம் முழுவதும் அறிவோம். பறவையின் எச்சத்தோடு புழுவின் முட்டை நீரில் விழுகின்றது. முட்டையினின்று வெளிவரும் நுண்ணுயிரை, கண்ணுக்கு அரிதிற் புலப்படும் சைக்ளாப்ஸ் போன்ற நீர்ப்பூச்சி விழுங்குகின்றது. அப்பூச்சியைக் கெண்டைக் குலத்து மீன் தின்கின்றது. மீனின் வயிற்றறையில் புழு வளர்ந்து நீள்கின்றது. மீன் வயிறு பருத்து, முட்டையிடும் ஆற்றல் இழந்து, நீரின் மேற்பரப்பில் தள்ளாடி நீந்துகின்றது. அவ்வாறு நீந்தும் மீனே நீர்ப்பறவைக்கு எளிதில் இரையாகின்றது. பறவையின் குடலில் சில நாளில் புழு முதிர்ந்து முட்டையிடுகின்றது. புளோக் குளத்தில் தேடியும் இப்புழுவைக் காணாமைக்குக் காரணம், அங்கே அது புழு வடிவில் இராமல், முட்டையும் நுண்ணுயிரும் பூச்சியினுள் மறைந்த கருவுமாக இருந்தமையே.

இத்திருத்தம் ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. புழு பிறவியிலேயே வருவதாயின் அதனைத் தடுக்க வழியில்லை. வந்தபின் மருந்து கொடுத்தலே செய்யத்தக்கது. அது வழிநடந்து வருவதாயின், அவ்வழியில் எங்கேனும் ஓரிடத்தில் அதனை மறிக்கலாம். நரம்புச்சிலந்தி நோய் இதற்குச் சான்று. அப்புழுவைத் தாங்கிய சைக்ளாப்ஸ் கலந்த நீரைப் பருகியவர்களுக்கு அந்நோய் வந்தது. அதனைத் தீர்க்கும் மருந்தோ தடுக்கும் அம்மைப்பால் போன்றதோ இல்லை. நீரைத் துணியால் வடிகட்டியும், நோயுற்றவர் நீரில் இறங்காமற் காத்தும், படிக்கிணறுகளைத் திருத்தியும் வழியை மறித்தனர். 1996-இல் இந்தியாவில் இறுதி நோயாளி காணப்பட்டார். 2000-இல் நம் நாடு அந்நோயினின்று நீங்கியது என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

நீர்நிலை மீன்களைக் காத்தல்

தொட்டியில் வளர்க்கும் மீனுக்கு மருந்திடலாம். ஆற்றிலும் ஏரியிலும் தாமே வாழும் மீன்களுக்கு மருந்திடுவது எவ்வாறு? மருந்து மீனோடு நில்லாமல் நீரனைத்தையும், அதனைப் பருகுவோரையும் சாரும். ஆதலால் இயற்கை நீர்நிலைகளில் நோயை வாராமற் காப்பதே தலையாய வழி. வந்தபின் அகற்றுதல் பெரும்பாலும் அரிது. நார்வே தேசத்து ஆறுகள் இதனைக் காட்டுகின்றன. சால்மன் மீனின் தோலில் ஒட்டி வாழும், அரை மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு புழு, சுவீடனிலிருந்து கொணர்ந்த மீன்குஞ்சுகளோடு அங்குப் புகுந்தது. 1975-இல் அது முதலிற் காணப்பட்டது. நாளடைவில் ஏறக்குறைய 50 ஆறுகளில் பரவி, குஞ்சுகளைப் பெருவாரியாக அழித்தது. அவற்றுட் பல ஆறுகளில் ரோட்டினோன் என்னும் நஞ்சையிட்டு மீன்கள் எல்லாவற்றையும் கொன்று, பின் புதிய குஞ்சுகளை விடவேண்டிய நிலை நேர்ந்தது. ஒரு புழுவை ஒழிக்க ஓர் ஆற்றின் மீன்களையே ஒழித்தனர்.

நம் நாட்டிலும் இத்தகைய துன்பம் நேர்ந்ததுண்டு. உடலெங்கும் புண் தோன்றி மீன் மடியும் கொடிய நோய் 1971-இல் ஜப்பானிலும், 1972-இல் ஆஸ்திரேலியாவிலும் காணப்பட்டு, தென்கிழக்கு ஆசியாவைக் கடந்து, 1987-ஐ ஒட்டி இலங்கையையும் 1988-இல் இந்தியாவின் வடகிழக்குப் பகுதியையும் அடைந்தது. காளானை ஒத்த ஓர் உயிர் மீனின் தசையினுள் ஊடுருவி வளர்வதே அதன் காரணம். அந்நோய்க்கு மிகுதியும் இரையானவை வராலும் குரவையும் கெளுத்தியும். அஃதாவது, புளோக் பெயரிட்ட நம் மீன்களே. குளங்களிற் சுண்ணாம்பு இடுதல் அந்நோயை ஓரளவு தணித்தது.

திருவண்ணாமலை வட்டாரத்தின் நீர்நிலைகள் பெரும்பாலும் மழையை நோக்கியிருப்பவை. ஓர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே வழிந்து கீழுள்ள ஏரிக்குச் செல்கின்றது. 1958-இல் முடிவுற்ற சாத்தனூர் அணை தென்பெண்ணையின் நீரைத் தேக்குகின்றது. நீர் செல்லும் வழியெல்லாம் மீனும், மீனின் ஒட்டுண்ணியும் செல்லும். மேலேரியில் ஒருவர் செய்யும் பிழை கீழேரியின் செம்படவர் வலையில் வந்து விழும். எனினும் கோடை நமக்கு ஒரு நன்மை செய்கின்றது. மீன்பேன் என்னும் ஒட்டுண்ணி, மீனை விட்டு நீங்கி, நீரிலுள்ள கல்லிலும் மரத்திலும் முட்டைகளை வரிசையாக ஒட்டிவைப்பது. ஏரி வற்றித் தரை வெடிக்கும்பொழுது அம்முட்டைகள் காய்ந்து மடிகின்றன. இதனை அறிந்த மீன்வளர்ப்போர் குளத்தில் மூங்கிலையும் பலகையையும் நட்டுவைத்து, அவற்றின்மேல் முட்டை படிந்தபின் வெளியே எடுத்து வெயிலிற் காயவிடுகின்றனர். குளம் வற்றியபின் தரையிற் சுண்ணாம்பும் இடுகின்றனர். மருந்தின்றியே வழியை மறிக்கும் முறை இது.

கோடை செய்யும் இந்நன்மையை மனிதர் கை ஒரு நாளிற் கெடுத்துவிடும். பிற இடத்திலிருந்து வாங்கிய மீன்குஞ்சுகளைப் பாராமல் ஏரியில் விடுதலும், வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வளர்த்துச் சலித்த அழகு மீன்களைக் கோயிற்குளத்திற் கொண்டுபோய் விடுதலும், ஒரு குளத்தில் நனைந்த வலையை உலர்த்தாமல் மறு குளத்தில் வீசுதலும், அறுத்த மீனின் குடலை நீரிலேயே எறிதலும் நோய்க்கு நாமே வண்டி பூட்டுவனவாம். அழகு மீனைக் குளத்தில் விடுவோர் அதற்கு உயிர்ப்பிச்சை அளித்ததாக எண்ணுகின்றனர். அதன் தோலில் ஒட்டியுள்ள பேன், அக்குளத்தில் பல்லாண்டாக அடியார் இடும் பொரியைத் தின்று வாழும் மீன்களுக்குக் கூற்றாகலாம். புதிய குஞ்சுகளைச் சில நாள் தனித்தொட்டியில் வைத்துப் பார்த்தலும், நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு உப்புக் கரைத்த நீரில் சில நிமிடம் அமிழ்த்தி எடுத்தலும், வலையை வெயிலில் நன்கு உலர்த்துதலும், குடலை மண்ணிற் புதைத்தலும் எவரும் செய்யத்தக்கவை. இவற்றிற்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. புழு வழியில் வருவது என்னும் அறிவும், அதற்கேற்ற ஒழுக்கமும் போதும்.

முடிவுரை

புளோக்கின் புகழை மதிப்பிடுவோர், அவர் மீன்களுக்கு இட்ட பெயர்களைப் போற்றி, புழுக்களைப் பற்றிய நூலைப் பேசாது விடுவது வழக்கம். யாம் அவ்வாறு கருதவில்லை. பத்தொன்பது வயதில் எழுத்தறிந்து, நாற்பதை அணுகிப் பட்டம் பெற்று, ஐம்பத்தாறில் மீனூல் தொடங்கிய அவருடைய ஊக்கம் மாணவர் அனைவருக்கும் எடுத்துக்காட்டு என்பது உண்மை. அதனினும் சிறந்தது, அவர் தம் காரணங்களை மறைவின்றி வரிசைப்படுத்தி எழுதிவைத்தமை. மீன்லிகுலாவையும் பறவைலிகுலாவையும் அவர் தெளிவாக வரைந்து வைத்தமையால், அவ்விரண்டும் ஒன்றே என்று பின்வந்தோர் ஒப்பிட்டுக் காண முடிந்தது. தெளிவாக எழுதிய பிழையைத் திருத்தலாம். மங்கலாக எழுதியதனை மெய்யென்று கொள்ளவும் இயலாது, பொய்யென்று தள்ளவும் இயலாது.

யூத வைத்தியர் ஒருவரும், கிறிஸ்தவ ஊழியர் ஒருவரும், பெயரறியாத தமிழ்ச் செம்படவர் பலரும் சேர்ந்து நம் மீன்களை உலகிற்கு அறிமுகம் செய்தனர். அம்மீன்கள் இன்றும் நம் ஏரிகளில் இருக்கின்றன. அவற்றை நோயின்றி நம் பின்னோர் கையில் ஒப்படைப்பது, மீனூல் கற்றோர்க்கு மட்டும் உரிய கடமையன்று. தமிழ் கற்போர்க்கும், ஏரி நீரை உண்டு வாழ்வோர் யாவர்க்கும் உரியது. வரும் மழைக்காலத்தில் ஏரிகளிற் குஞ்சு விடுவோர் இதனை நினைவிற் கொள்வாராக.